சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறொன்று: நிறுவனத்தோடு பேசித் தீர்க்க ஒரு முழு வழிகாட்டி

வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் பலருக்கும் வயிற்றைக் கலக்க ஆரம்பிக்கும். இன்டர்வியூவில் டெஸ்டிங் வேலை என்றார்கள், உட்கார வைத்திருப்பது கஸ்டமர் சப்போர்ட்டில். பகல் ஷிஃப்ட் என்றார்கள், இப்போது இரவு பத்து மணிக்கு லாக்-இன். மாதம் 40,000 என்றார்கள், அக்கவுண்டில் விழுந்தது 31,000. வீட்டில் சொன்னால் "கிடைத்த வேலையை விட்டுடாதே, அனுசரித்துப் போ" என்பார்கள், நண்பர்களிடம் சொன்னால் "பேப்பர் போட்டுட்டு வா" என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் பேசுவதற்கு நல்ல நேரம் சேர்ந்த முதல் இரண்டு மாதம்தான். உங்களைத் தேர்வு செய்ய அவர்கள் செலவழித்த பணமும் நேரமும் அப்போது அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், நீங்கள் போனால் மறுபடி ஆள் தேட வேண்டும். புரொபேஷனில் (தகுதிகாண் காலத்தில்) நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் குறைவாக இருக்கும், எனவே வெளியே வருவதும் சுலபம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு மாதம் பேசாமல் வேலை பார்த்துவிட்டு ஏழாவது மாதம் கேட்டால், "இத்தனை நாள் ஒத்துக்கொண்டுதானே செய்தீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் உங்கள் வாதம் பாதி விழுந்துவிடும்.

1. யார் சொன்னது, எங்கே சொன்னது

கோபம் இருக்கும், இருக்கட்டும். ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள்: வாயால் சொன்னது, எழுத்தில் இருப்பது, இப்போது நடப்பது. வேலை, ஷிஃப்ட், ஊர், சம்பளம், வீட்டிலிருந்து வேலை, கேப் வசதி, வாரவிடுமுறை என்று ஒவ்வொன்றாக நிரப்புங்கள். இதைச் செய்யும்போதே பாதிப் பேருக்கு ஒரு விஷயம் தெரிய வரும்: ரொம்ப வலிக்கிற விஷயம் எழுத்தில் எங்கேயும் இருக்காது, எழுத்தில் இருக்கும் ஒன்றை அவர்கள் மீறியிருப்பது நம் கண்ணில் பட்டிருக்காது.

ஆஃபர் லெட்டரையும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் தனித்தனியாகப் படியுங்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பலர் இரண்டாவதைப் படிப்பதே இல்லை. ஆஃபரில் "டெஸ்ட் இன்ஜினியர், சென்னை" என்று இருக்கும், சேர்ந்த அன்று முப்பது கையெழுத்துகளுக்கு நடுவே வாங்கிய ஆர்டரில் "நிறுவனத்தின் தேவைக்கேற்ப எந்தப் பிரிவுக்கும் எந்த ஊருக்கும் எந்த ஷிஃப்ட்டுக்கும் மாற்றலாம்" என்று ஒரு வரி இருக்கும். "இதற்கு முன் பேசியவை எதுவும் செல்லாது, இந்த ஆவணமே முழு ஒப்பந்தம்" என்று இன்னொரு வரியும் இருக்கலாம். இந்த இரண்டு வரிகளும் இருந்தால் வாய் வாக்குறுதியை மட்டும் வைத்துச் சட்டப்படி வெல்வது கஷ்டம். ஆனால் பேசிச் சரிசெய்ய முடியாது என்று அர்த்தமில்லை, பெரும்பாலான விஷயங்கள் பேச்சில்தான் தீர்கின்றன.

இன்னொன்று: உங்களுக்குச் சம்பளம் போடுவது யார் என்று பேஸ்லிப்பில் பாருங்கள். பெரிய நிறுவனத்தின் ஆபீஸில் உட்கார்ந்திருப்பீர்கள், ஆனால் பேரோல், அதாவது சம்பளப் பட்டியல், ஆள் அனுப்பும் வேறொரு நிறுவனமான வெண்டரிடம் இருக்கும். அப்படியானால் உங்கள் முதலாளி அந்த வெண்டர்தான். டீம் லீடிடம் எவ்வளவு பேசினாலும் "அது உங்க எச்ஆர் பார்க்க வேண்டியது" என்றுதான் பதில் வரும்.

2. சம்பளக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

சம்பளம் குறைகிறது என்ற புகாரில் இரண்டு வகை உண்டு. ஒன்று உண்மையிலேயே ஏமாற்றியது, இன்னொன்று சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் வருடத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை, அதன் கணக்கு நமக்குச் சொல்லப்படாதது. எது என்று தெரியாமல் எச்ஆர் முன்னால் போய் உட்காரக் கூடாது.

வருடம் 4,80,000 சிடிசி என்று வைத்துக்கொள்வோம், மாதக் கணக்கில் 40,000. அதில் 10 சதவீதம் வேரியபிள் (நிலையாக வராமல் மாறக்கூடிய பகுதி) என்றால் 48,000 தனியே போய்விடும். மிச்சம் மாதத்துக்கு 36,000. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 18,000 என்றால், நிறுவனம் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்புநிதி) 15,000 உச்சவரம்பில் 12 சதவீதம், அதாவது 1,800. கிராஜுவிட்டிக்கென்று (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 866. இரண்டையும் சிடிசிக்குள்ளேயே வைத்திருப்பார்கள். ஆக, மொத்தச் சம்பளம் 33,334. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 1,800, சென்னையில் தொழில்வரி அரையாண்டுக்கு 1,250 என்பதால் மாதத்துக்குச் சுமார் 208. கையில் வருவது 31,300 சொச்சம். இன்சூரன்ஸ், கேப், சாப்பாடு என்று ஏதாவது பிடித்தால் இன்னும் குறையும்.

இந்தக் கணக்கு ஆஃபர் லெட்டரின் அனெக்ஸரில், அதாவது சம்பள விவர இணைப்பில், இருப்பதோடு ஒத்துப்போனால், ஏமாற்றம் உண்மைதான், ஆனால் கேட்பதற்கு அதில் பிடி குறைவு. ஒத்துப்போகாவிட்டால் விஷயம் வேறு. அனெக்ஸரில் "நிலையானது" என்று இருந்ததை பேஸ்லிப்பில் "வேரியபிள்" ஆக்கியிருக்கிறார்களா, நிறுவனத்தின் பிஎஃப் பங்கை உங்கள் மொத்தச் சம்பளத்திலிருந்து மறுபடி கழிக்கிறார்களா, பிடித்த பிஎஃப் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று பாருங்கள். கடைசியைத் தெரிந்துகொள்ள யாரிடமும் கேட்க வேண்டாம், உமங் செயலியில் உங்கள் யுஏஎன் எண்ணை (பிஎஃப் உறுப்பினர் எண்) போட்டு பாஸ்புக்கைத் திறந்தால் மாதவாரியாகத் தெரியும். பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்றால் அது வாக்குறுதிப் பிரச்சினை அல்ல, நேரடியான சட்ட மீறல். பிஎஃப் அமைப்பின் குறைதீர்ப்பு இணையதளத்திலேயே புகார் போடலாம்.

3. ஆதாரத்தை இப்போதே சேருங்கள்

வேலை விளம்பரம் இணையத்தில் இருந்தால் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆள் சேர்ந்ததும் அதை எடுத்துவிடுவார்கள். ரெக்ரூட்டரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், ஆனால் போனில் இருக்கும் மூலத்தை அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழோடு போக வேண்டும், அப்போது மூலம் எந்தப் போனில் இருக்கிறது என்ற கேள்வி வரும். புதுப் போன் வாங்கும் ஆசையில் பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட வேண்டாம்.

ஆஃபர் லெட்டர், ஆர்டர், பேஸ்லிப், ஷிஃப்ட் ரோஸ்டர் எல்லாம் உங்கள் சொந்த மெயிலில் ஒரு பிரதி இருக்கட்டும். ஆனால் நிறுவனத்தின் கோடு, கிளையண்ட் விவரம், உள் ஆவணங்களை உங்கள் ஜிமெயிலுக்கு அனுப்பாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்காகவே வேலையைவிட்டு நீக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

வாயால் சொன்னது மட்டும்தான் இருக்கிறது என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. ரெக்ரூட்டருக்குச் சாதாரணமாக ஒரு மெசேஜ்: "சார், இன்டர்வியூ சமயத்தில் பகல் ஷிஃப்ட் என்று சொன்னீர்கள், இப்போது ரோஸ்டரில் நைட் வந்திருக்கிறது. ஏதாவது மாறியிருக்கிறதா?" அவர் "ஆமா, ப்ராஜெக்ட் மாறிடுச்சு" என்று பதில் போட்டால் முன்பு சொன்னது என்ன என்பது எழுத்தில் வந்துவிட்டது. இதைச் சண்டை தொடங்கும் முன் செய்ய வேண்டும், தொடங்கியபின் யாரும் பதில் போட மாட்டார்கள்.

4. என்ன வேண்டும் என்று முடிவு செய்யாமல் பேசப் போகாதீர்கள்

இது நிறைய பேர் தவறவிடும் இடம். "சொன்னது நடக்கவில்லை" என்று சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் "சரி, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றதும் திணறுவார்கள். கேட்கக்கூடியவை மூன்றுதான். சொன்னபடி மாற்றிக்கொடுங்கள், அல்லது மாற்ற முடியாததற்கு ஈடாக ஏதாவது கொடுங்கள், அல்லது சண்டையில்லாமல் என்னை விடுங்கள். இதில் முதல் ஆசை எது, எதுவரை இறங்கி வருவீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஊரிலிருந்து வந்து சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை என்று சேர்ந்தார். மூன்றாவது வாரம் நைட் ஷிஃப்ட் சப்போர்ட்டில் போட்டுவிட்டார்கள். "வேலையே வேண்டாம்" என்று கொதித்தவர் உட்கார்ந்து யோசித்தபோது, நைட் ஷிஃப்ட்டைவிட அவரை அரித்தது இரண்டு வருடம் கழித்து ரெஸ்யூமேயில் டெஸ்டிங் அனுபவம் இருக்காதே என்பதுதான். எனவே அவர் கேட்டது: மூன்று மாதம் சப்போர்ட் பார்க்கிறேன், அதன்பின் டெஸ்டிங் டீம், தேதியோடு மெயிலில் கொடுங்கள், அதுவரை நைட் ஷிஃப்ட் அலவன்ஸும் வீட்டு வாசல்வரை கேபும். அவர்களால் "சரி" என்று சொல்லக்கூடிய கோரிக்கை அது, அலவன்ஸைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சரி என்றும் சொன்னார்கள்.

பெண்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு பிடி இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், பணிப்பாதுகாப்பு பற்றியது, மாலை 7 மணிக்குப் பின்னும் காலை 6 மணிக்கு முன்னும் பெண்களை வேலை செய்யவைக்க அவர்களுடைய சம்மதம் வேண்டும் என்கிறது. ஆர்டரோடு சேர்த்து அந்தச் சம்மதப் படிவத்தையும் நீட்டுவார்கள், கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் நின்று படியுங்கள்.

5. முதலில் மேனேஜர், அப்புறம் எச்ஆர்

வாக்குக் கொடுத்தவர் ரெக்ரூட்டர், வேலை கொடுப்பவர் மேனேஜர், பெரும்பாலும் இருவரும் ஒருவரோடு ஒருவர் இதைப்பற்றிப் பேசியே இருக்க மாட்டார்கள். உங்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதே மேனேஜருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனவே நேராக எச்ஆரிடம் போனால் மேனேஜருக்குத் தலைக்கு மேல் போனதாகப்படும், தீர்த்துவைக்கக்கூடிய ஆளே எதிரியாகிவிடுவார். தனியாக இருபது நிமிடம் கேளுங்கள். டீ கடைப் பக்கம் நடந்துகொண்டே பேசுவதைவிட ஒரு மீட்டிங் ரூமில் பேசுவது நல்லது, விஷயம் எவ்வளவு முக்கியம் என்பது அதிலேயே தெரியும்.

"ஏமாத்திட்டீங்க" என்ற சொல்லை அங்கே பயன்படுத்தாதீர்கள், அது உண்மையாக இருந்தாலும். "இன்டர்வியூவில் எனக்கு இப்படிச் சொல்லப்பட்டது, ஆஃபரிலும் இப்படி இருக்கிறது, இப்போது நான் செய்வது இது. இதை எப்படிச் சரிசெய்யலாம்?" என்று மூன்று வரியில் முடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் சங்கடமாக இருக்கும், அதை நிரப்ப நீங்களே "பரவாயில்லை சார், முடிஞ்சா பாருங்க" என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், பெரியவர் முகம் சுளித்தால் உடனே விட்டுக்கொடுத்துப் பழகிவிட்டோம். ஆனால் இந்த இடத்தில் அந்த ஒரு வரி உங்களுக்கு ஒரு வருடத்தைத் தின்றுவிடும்.

6. அன்று மாலையே மெயில்

பேச்சு எப்படி முடிந்தாலும் சரி, அன்றே மெயில் போடுங்கள். இந்த மாதிரி இருந்தால் போதும், ஆங்கிலத்தில் எழுதுவதென்றாலும் இதே வரிசைதான்:

"வணக்கம். இன்று என் பணி குறித்து நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. ஆஃபர் லெட்டரில் என் பணி டெஸ்ட் இன்ஜினியர் என்றும், இன்டர்வியூவின்போது பகல் ஷிஃப்ட் என்றும் தெரிவிக்கப்பட்டது. இம்மாதம் 3-ம் தேதி முதல் இரவு ஷிஃப்ட்டில் சப்போர்ட் பணியில் இருக்கிறேன். இது தற்காலிக ஏற்பாடு என்று நீங்கள் சொன்னதாகப் புரிந்துகொள்கிறேன். எந்தத் தேதியில் டெஸ்டிங் டீமுக்கு மாற்றப்படுவேன் என்பதையும், அதுவரை இரவு ஷிஃப்ட் அலவன்ஸ், போக்குவரத்து ஏற்பாடு பற்றியும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். என்னிடம் கொடுத்த பணியைத் தொடர்ந்து செய்துவருகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வேலையை மறுக்கவில்லை, ஆனால் இதை என் வேலையாக ஒத்துக்கொள்ளவும் இல்லை என்று இரண்டையும் அது சேர்த்துச் சொல்கிறது. எச்ஆருக்கு சிசி போடலாமா என்று கேட்பார்கள். முதல் மெயிலில் வேண்டாம், வெள்ளிக்கிழமை தாண்டியும் பதில் இல்லை என்றால் அதே மெயிலை எச்ஆருக்கும் சேர்த்து ஃபார்வர்ட் செய்யுங்கள்.

வழக்கமாக வரும் பதில்களுக்குத் தயாராக இருங்கள். "அப்ரைசல்ல பார்த்துக்கலாம்" என்றால், எந்த மாதம், எவ்வளவு, யார் ஒப்புதல் என்று கேளுங்கள். "பிசினஸ் தேவை" என்றால், எவ்வளவு காலம் என்று கேளுங்கள். "எல்லாருக்கும் இதே பாலிசிதான்" என்றால், அந்தப் பாலிசி ஆவணத்தைக் கேளுங்கள். எது ஒத்துக்கொள்ளப்பட்டாலும் திருத்தக் கடிதமாகவோ குறைந்தது மெயிலாகவோ வாங்குங்கள். மேனேஜர் மாறினால் வாய்வார்த்தையும் அவரோடு போய்விடும்.

7. இந்த நேரத்தில் செய்யக் கூடாதவை

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது. "அப்ஸ்காண்டிங்" என்று பதிவானால் ரிலீவிங் லெட்டர் (பணியிலிருந்து விடுவித்த கடிதம்) வராது, அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். கோபத்தில் ராஜினாமா மெயில் போடுவது. நடுவில் அவர்கள் நீட்டும் "திருத்திய" ஆர்டரில் அங்கேயே கையெழுத்துப் போடுவது: "வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று சொன்னால் யாரும் தூக்கிலிட மாட்டார்கள். சமூக ஊடகத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு எழுதுவது, பேச்சு முடியும்வரையாவது வேண்டாம்.

ஒரிஜினல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்க்கட்டும், பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரட்டும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், மற்ற பேச்சைத் தொடங்குமுன், மேற்படிப்புக்கோ பாஸ்போர்ட்டுக்கோ தேவைப்படும் உண்மையான காரணத்தைச் சொல்லி வாங்கிவிடுங்கள்.

8. பாண்ட் போட்டிருந்தால்

பாண்ட் என்பது குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்டுவதாக எழுதிக்கொடுப்பது. பயப்படத் தேவையில்லை, அதே சமயம் "பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் போனால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அதேநேரம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. பயிற்சியே கொடுக்காமல், சொன்ன வேலையையும் கொடுக்காமல் பாண்ட் பணம் கேட்டால், அதே சட்டத்தின் 17, 18, 19-வது பிரிவுகள் உங்களுக்கு உதவலாம்: ஏமாற்றியோ தவறான தகவல் தந்தோ வாங்கிய ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் விரும்பினால் ரத்து செய்ய முடியும். மேனேஜரிடம் பேசிய அன்று மாலையே நீங்கள் போட்ட அந்த மெயில் அப்போதுதான் தன் வேலையைக் காட்டும்.

9. பேச்சு முறிந்தால்

சட்டத்தில் பண விஷயம் பலமானது, பதவி விஷயம் பலவீனமானது. "எனக்கு டெஸ்டிங் வேலைதான் தர வேண்டும்" என்று ஒரு தனியார் நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவு போடுவது நடைமுறையில் மிக அரிது. ஆனால் பேசிய சம்பளம், பிடித்த தொகை, கொடுக்காத ஓவர்டைம் இவற்றைக் கேட்டு வாங்கலாம். முன்பு சொன்ன நான்கில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வர வேண்டும், பாக்கி இருந்தால் மூன்று வருடத்துக்குள் கோரிக்கை வைக்கலாம். இது மேனேஜர்களுக்கும் பொருந்தும்.

வேலை நிபந்தனை மாற்றம், பணிநீக்கம் போன்றவற்றில் நீங்கள் சட்டப்படி "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருகிறீர்களா என்பது முக்கியம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், 18,000-க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும், அந்த நான்கில் இன்னொன்றான தொழில் உறவுகள் தொகுப்பின் வரையறைக்கு வெளியே நிற்பார்கள். பதவியின் பெயர் எதுவாக இருந்தாலும் செய்கிற வேலையைத்தான் பார்ப்பார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன் 41-வது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது, அதற்கு மேல்முறையீடும் உண்டு. ஐடி ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியது, எனவே ஒரே நிறுவனத்தில் பத்துப் பேருக்கு இதே பிரச்சினை என்றால் சங்கத்தின் வழியாகப் போவது தனி ஆளாகப் போவதைவிட வேகமானது.

புகார் கொடுக்க உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள், சென்னையில் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிறது. வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள்: தேதிவாரியாக நடந்தது, கேட்பது என்ன, இணைப்புகள். கதை சொல்லத் தொடங்கினால் வாசிப்பவருக்குக் கோரிக்கை கண்ணில் படாது. வக்கீல் வேண்டும், பணம் இல்லை என்றால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண். பெண்களுக்கும், பட்டியலினத்தவர் பழங்குடியினருக்கும், தொழில்துறைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

10. வெளியே வருவது என்று முடிவானால்

இதை ஒரு தோல்வியாக நினைக்காதீர்கள், ஆனால் விட்டுப் போவதையும் ஒரு பேரமாகவே நடத்துங்கள். ராஜினாமா மெயிலுக்கு முன் எச்ஆரிடம் பேசி நான்கு விஷயத்தை வாங்க முயலுங்கள்: நோட்டீஸ் பீரியட் குறைப்பு, பாண்ட் அல்லது ஜாயினிங் போனஸ் திருப்பிக் கேட்காமல் விடுதல், ரிலீவிங் லெட்டருக்குத் தேதி, முழுக் கணக்கு முடிப்பு. கடைசிக்கு ஊதியச் சட்டத் தொகுப்பு இரண்டு வேலை நாட்கள்தான் அவகாசம் தருகிறது, ராஜினாமா செய்தவருக்கும் அதே கணக்கு. பல நிறுவனங்கள் இன்னும் பழைய பழக்கத்தில் "45 நாள் ஆகும்" என்கின்றன, சட்டத்தைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு மெயில் போட்டால் நகர்கிறது. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் பணம் அக்கவுண்டில் விழுந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ராஜினாமா மெயிலில் "தனிப்பட்ட காரணங்கள்" என்று எழுதச் சொல்வார்கள். நல்லபடியாகப் பேசி முடிந்திருந்தால் எழுதலாம். பணமோ பாண்டோ இன்னும் தகராறில் இருந்தால் எழுதாதீர்கள், "ஆஃபரில் குறிப்பிட்ட பணி வழங்கப்படாததால்" என்று ஒரே வரியில் உண்மையை எழுதுங்கள்.

அடுத்த இன்டர்வியூவில் ஏன் நான்கு மாதத்தில் வந்தீர்கள் என்று கேட்டால் பழைய நிறுவனத்தைத் திட்ட வேண்டியதில்லை. "டெஸ்டிங்குக்குச் சேர்ந்தேன், சப்போர்ட் கொடுத்தார்கள், மாற்றித் தரும்படி கேட்டேன், வாய்ப்பில்லை என்றார்கள், முறையாக நோட்டீஸ் கொடுத்து வந்தேன்" என்று சொன்னால் போதும். அப்படியே தொடர்ந்து, புது வேலையில் யாருக்குக் கீழே, எந்த டீமில், எந்த ஷிஃப்ட்டில், முதல் மூன்று மாதம் என்ன வேலை, கையில் எவ்வளவு வரும் என்று நீங்களும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை ஆஃபரை ஏற்கும் மெயிலிலேயே, "நீங்கள் தெரிவித்தபடி" என்று தொடங்கி நான்கு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.